புழு தின்ற இலையும் நீதிபோதனை வகுப்பும்

(திரையில்: எலுமிச்சைச் செடியின் ஓர் இலை, மிக நெருக்கத்தில்.)

இலை மேல் ஏதோ ஒட்டியிருக்கிறது. பறவை எச்சம்தானே? அப்படி நினைத்தால் நீங்களும் ஏமாந்துவிட்டீர்கள். கொஞ்சம் பொறுத்துப் பாருங்கள், நகர்கிறது. இது வண்ணத்துப்பூச்சியின் புழு. கொத்த வரும் பறவை, இது எச்சம் என்று நினைத்துப் போய்விடட்டும் என்றுதான் இந்த வேஷம். பெரிதானதும் தோலுரித்துப் பச்சையாகிவிடும். அப்போது லேசாகத் தொட்டால், பாம்பு நாக்கு மாதிரி கவட்டைக் கொம்பு ஒன்றை நீட்டும். கூடவே குப்பென்று ஒரு நெடி.

சரி, இந்தச் செடியை ஒரு மூன்றாம் வகுப்பு தினமும் தண்ணீர் ஊற்றி வளர்த்தது என்று வைத்துக்கொள்வோம். பாதி இலை காலி. புழுவை என்ன செய்வது?

"நசுக்கிடலாம்" என்பான் ஒருவன். "ஐயோ, பாவம்" என்பாள் பக்கத்தில் இருப்பவள். வேறு செடியில் விட்டுவிடலாமே என்று ஒரு குரல் வரும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தப் புழு கண்ட இலையையும் தின்னாது. எலுமிச்சைக் குடும்பத்துச் செடி கிடைக்காவிட்டால் பட்டினிதான். இரக்கப்பட்டுச் செய்ததே அதைக் கொன்றுவிடும். இப்போது பிள்ளைகள் உண்மையிலேயே யோசிக்க ஆரம்பிப்பார்கள்.

(திரையில்: வகுப்பறை. பிள்ளைகள் ஒரே குரலில் ஏதோ சொல்கிறார்கள்.)

வழக்கமான நீதிபோதனை வகுப்பில் இந்தக் குழப்பமே வராது. மரத்தை வெட்டாதே, தண்ணீரை வீணாக்காதே. கோரஸாகச் சொல்லி, தேர்விலும் எழுதிவிட்டு, மணி அடித்ததும் வேலியோரச் செடியைக் கிள்ளிக்கொண்டே வீட்டுக்குப் போவார்கள். பிள்ளைகளைச் சொல்லிக் குற்றமில்லை. பார்த்துப் பழகாத ஒன்றின் மேல் பாசம் எப்படி வரும்?

2002-ல் பிரிட்டனில் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளிடம் உள்ளூர்ச் செடிகள், விலங்குகள் படங்களையும் போகிமான் என்ற கார்ட்டூனில் வரும் கற்பனைப் பிராணிகளின் படங்களையும் காட்டிப் பெயர் கேட்டார்கள். எட்டு வயதுப் பிள்ளைகள் போகிமானில் 78 சதவீதம் சரியாகச் சொன்னார்கள், நிஜ உயிரினங்களில் 53 சதவீதம்தான். ஞாபகசக்திக்கு ஒரு குறையும் இல்லை, பாருங்கள்!

ஜப்பானில் 2018 முதல் ஆரம்பப் பள்ளிகளில் ஒழுக்கக் கல்வி ஒரு தனிப் பாடம். வாரத்துக்கு ஏறக்குறைய ஒரு வகுப்பு. உயிரை மதிப்பதும் இயற்கையை நேசிப்பதும் பாடத்திட்டத்திலேயே இருக்கின்றன. ஆனால் மதிப்பெண் கிடையாது. பிள்ளை எப்படி யோசிக்கிறது என்று ஆசிரியர் எழுத்தில் குறிக்கிறார், அவ்வளவுதான். எனக்குப் பிடித்தது இதுதான். 'இயற்கை மேல் அன்பு: பத்துக்கு ஏழு' என்று எப்படிப் போடுவது?

மதிப்பெண் இல்லையென்றால் வேறு எதைக் கவனிப்பது? காரணத்தை. ஆற்றில் குப்பை கொட்டக் கூடாது என்று எல்லாப் பிள்ளைகளும் சொல்லும். ஏன் என்று கேளுங்கள். "நமக்கு நோய் வரும்" என்பது ஒரு பதில். "மீனுக்கும் அதுதானே வீடு" என்பது இன்னொன்று. அமெரிக்க உளவியலாளர் பீட்டர் கான் பிள்ளைகளிடம் இந்த இரண்டு விதக் காரணங்களையும் விரிவாக ஆராய்ந்தவர். முதல் பதில் தப்பில்லை. இரண்டாவதைச் சொல்லும் பிள்ளையை மட்டும் இன்னும் கொஞ்சம் பேசவிடுங்கள், மற்றவர்கள் கேட்கட்டும்.

அப்புறம், காடு அழிகிறது, பனி உருகுகிறது என்று ஏழு வயதிலேயே பயமுறுத்த வேண்டாம். பழகுவதற்கு முன்பே பயந்துவிட்டால் ஒதுங்கிப் போவார்கள்.

(திரையில்: குச்சியில் தொங்கும் கூட்டுப்புழு.)

நம் புழுவை வகுப்பு விட்டுவைத்தது என்றே இருக்கட்டும். கூடு கட்டிவிட்டது. தினமும் காலையில் எட்டிப் பார்க்கிறார்கள். ஒரு திங்கட்கிழமை வந்து பார்த்தால் வெறும் கூடு. பறந்ததைப் பார்க்க முடியவில்லையே என்று ஒரு பிள்ளை அழுகிறது. அழட்டும். அந்த நேரம் பார்த்து, "இந்தக் கதையால் அறியப்படும் நீதி என்ன?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.