வாலில் தொடங்கிய பென்சில்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

பேனை, பென்சில் என்று சேர்த்துச் சொல்லும்போது இரண்டும் அக்கா தங்கை போலக் காதில் விழுகின்றன. உண்மையில் அவற்றுக்குள் உறவில்லை. பேனை போர்த்துக்கீசரிடமிருந்து நமக்கு வந்த சொல். அவர்கள் மொழியில் ‘பெனா’ என்றால் இறகு. இறகின் அடித்தண்டைச் சீவி மையில் தோய்த்து எழுதிய காலத்தின் பெயர் அது. பென்சிலுக்கு மூலம் இறகு அல்ல, வால்.

இலத்தீனில் வாலைக் குறித்த ஒரு சொல்லை, சிறியது என்று பொருள்படத் திரித்து ‘பெனிக்குலஸ்’ என்றார்கள். குட்டி வால், அதாவது தூரிகை. அதையும் இன்னொரு முறை அப்படியே திரித்தபோது ‘பெனிசில்லஸ்’ பிறந்தது: ஓவியனின் மெல்லிய மயிர்த்தூரிகை. பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனபோதும் பென்சில் தூரிகையாகவே இருந்தது. 1928இல் அலெக்சாண்டர் பிளெமிங் கண்ட பெனிசிலினும் இந்தக் குடும்பம்தான். அந்தப் பூஞ்சையின் வித்துக் காம்பை நுணுக்குக்காட்டியில் பாருங்கள், நுனி பிரிந்த தூரிகையாகத் தெரியும்.

பௌதிகம் படிப்பிப்பவர்களுக்கு இன்னொன்று. ஒரு புள்ளியிலிருந்து விரியும் ஒளிக்கதிர்களையும் ஆங்கிலத்தில் பென்சில் என்பார்கள். தூரிகை மயிர் நுனியில் கூடுவது போலக் கதிர்களும் ஒரு புள்ளியில் கூடுவதே காரணம். நாம் கதிர்க்கற்றை என்கிறோம். மயிர்க்கற்றை என்றும் சொல்கிறோம். இரு மொழிகளும் தனித்தனியே மயிரையும் ஒளியையும் ஒரே கண்ணால் பார்த்திருக்கின்றன. எனக்கு இதில் தீராத வியப்பு.

பிறகு பெயரில் ஒரு பிழை ஏறியது. 16ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பொரோடேல் பள்ளத்தாக்கில் கறுப்பான, கையில் ஒட்டுகிற ஒரு கனிமம் கட்டி கட்டியாகக் கிடைத்தது. மந்தைக்காரர்கள் ஆடுகளுக்கு அடையாளமிட அதைப் பயன்படுத்தினார்கள். கோல்களாக அறுத்து எழுதவும் தொடங்கினார்கள்; தூரிகையின் பெயரான பென்சில் அந்தக் கோலுக்கு மாறியது. ஈயம் போல மினுங்கியதால் அந்தக் கனிமத்துக்குக் ‘கறுப்பு ஈயம்’ என்று பெயர் விழுந்தது. இலத்தீனில் ஈயத்துக்கு உரிய ‘பிளம்பம்’ என்பதிலிருந்து ‘பிளம்பேகோ’ என்றும் அழைத்தார்கள். இலங்கையின் பழைய ஏற்றுமதிப் பதிவுகளில் போகலை, கஹட்டகஹ போன்ற சுரங்கங்களில் எடுத்த இந்தக் கனிமத்துக்கு இந்தப் பெயரைக் காணலாம். 1779இல் இரசாயனவியலாளர் ஷீலே அது காபனின் ஒரு வடிவம் என்று காட்டினார். பத்து ஆண்டுகள் கழித்துக் கனிமவியலாளர் வேர்னர், ‘எழுது’ என்ற கிரேக்கச் சொல்லை வைத்து அதற்குக் ‘கிராபைற்’ என்று பெயரிட்டார். ஆனாலும் ஜெர்மானியர் இன்றுவரை பென்சிலை ‘ஈயக்கோல்’ என்றே அழைக்கிறார்கள்.

நம்மிடமும் அதே பிழை உண்டு. காரீயம் என்ற ஒரே சொல் ஈய உலோகத்தையும் குறிக்கிறது, பென்சிலுக்குள் இருப்பதையும் குறிக்கிறது. பிள்ளையின் உள்ளங்கையில் பென்சில் குத்தியதும் ‘ஈயம் உடம்பில் ஏறிவிடும்’ என்று தாய்மார் பதறுவது இதனால்தான். பதற வேண்டாம், அது ஈயமல்ல. சவர்க்காரம் போட்டு ஓடும் நீரில் கழுவுங்கள். முனை உள்ளே முறிந்திருந்தால் வைத்தியரிடம் காட்டுங்கள். கண்ணில் பட்டிருந்தால் ஒரு கணமும் தாமதிக்கக் கூடாது. தோலுக்குள் தங்கிய துகள் சாம்பல் நிறப் புள்ளியாக ஆண்டுக்கணக்கில் தெரியலாம்.

கரிக்கோல் என்ற தமிழ்ச் சொல்லுக்கு இந்தக் குறை இல்லை, காபனும் கரிதானே. ஆனால் இன்றைய பென்சிலில் கரி மட்டும் இல்லை, களிமண்ணும் இருக்கிறது. போரினால் பிரான்சுக்கு ஆங்கிலேயக் கட்டிகள் வராமல் போனபோது, 1795இல் கொன்டே என்பவர் கிராபைற் தூளைக் களியோடும் நீரோடும் பிசைந்து, கம்பிகளாக்கி, உலர்த்திச் சூளையில் சுட்டார். களி கூடினால் கடினமும் வெளிறிய கோடும். கிராபைற் கூடினால் மென்மையும் கறுப்பும். பென்சிலில் அச்சிட்ட எச் கடினத்தையும் பி கறுப்பையும் சொல்கின்றன, எச்பி இரண்டுக்கும் நடு.

பிள்ளைகள் இந்தப் பெயர்ச்சிக்கலுக்குள் போவதே இல்லை. அவர்களுக்கு அது ‘கூர்’. ‘கூர் முறிஞ்சு போச்சு’ என்று வந்து நிற்பார்கள். சீவச் சீவ முறிந்தால் பிள்ளையை ஏச வேண்டாம், பென்சிலின் பின்முனையைப் பாருங்கள். பள்ளம் வெட்டிய இரண்டு மரப்பலகைகளுக்கு நடுவே கம்பியை வைத்து ஒட்டித்தான் பென்சில் செய்கிறார்கள். பள்ளம் சற்று விலகியிருந்தால் கறுப்புப் புள்ளி நடுவில் இராது. சீவும்போது ஒரு பக்க மரம் சீக்கிரம் தீர்ந்து, அந்தப் பக்கம் தாங்கல் இல்லாமல் கூர் ஒடியும். புள்ளி சரியாக நடுவில் இருந்தும் முறிகிறதா? பென்சில் சீமெந்துத் தரையில் விழுந்து கம்பி உள்ளேயே பல துண்டாகியிருக்கும். கொழும்புப் புறக்கோட்டையில் பெட்டியாக வாங்கும்போது பின்முனைகளை ஒருமுறை பார்த்துவிட்டே காசைக் கொடுங்கள்.