லுவார் கரையில் ஒரு திங்கட்கிழமை

நேயர்களுக்கு வணக்கம்.

சைக்கிளில் ஊர் சுற்றுவதைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். பத்து நிமிடம். பிரான்சில் நானும் என் மனைவியும் பன்னிரண்டு நாள் ஓட்டினோம். பன்னிரண்டையும் சொன்னால் உங்களுக்கு அலுத்துவிடும். ஒரே ஒரு நாளை எடுத்துக்கொள்கிறேன். ஜூன் மாதம், ஒரு திங்கட்கிழமை. புளுவா என்ற ஊரிலிருந்து அம்புவாஸ் வரை, லுவார் ஆற்றை ஒட்டி ஏறக்குறைய 40 கிலோமீட்டர். திங்கட்கிழமை என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிற்பாடு அதற்கு வேலை இருக்கிறது.

லுவார் பிரான்சின் மிக நீளமான ஆறு. ஆயிரம் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். அதன் கரையோரமாகவே சைக்கிள்காரர்களுக்கென்று ஒரு வழி, 900 கிலோமீட்டர், கடல் வரைக்கும் போகிறது. முழுக்கத் தனிப் பாதை என்று நினைத்துவிடாதீர்கள். கொஞ்ச தூரம் ஆற்றங்கரை மேடு, கொஞ்ச தூரம் வயல் நடுவே, மீதி பெரும்பாலும் கார் அதிகம் வராத கிராமத்து ரோடு. பிரிவு வருகிற இடத்தில் அம்புக்குறி வைத்திருக்கிறார்கள். அன்றைக்கு இரண்டு தடவைதான் வழி தவறினோம், இரண்டும் நான் பேசிக்கொண்டே ஓட்டியதால்.

பேச்சைக் குறைத்துக்கொண்டு வலதுபக்கம் பார்த்திருக்க வேண்டும். அங்கே வண்டிகள் வலதுபுறம் போகும், அது எல்லோருக்கும் தெரியும். பலகை எதுவும் இல்லாத சந்திப்பில் வலதுபக்கமிருந்து வருகிறவருக்குத்தான் முதலில் வழி என்பது எனக்கு உறைக்கவில்லை. நாம் போவது பெரிய ரோடு, அவர் வருவது சின்னச் சந்து, ஆனாலும் அவர்தான் முதலில். ஒரு டிராக்டர் வந்தது. நான் பிரேக் பிடித்த பிடியில் கேரியர் பை ஒன்று கழன்று ரோட்டில் விழுந்தது. டிராக்டர்காரர் கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விட்டார். அதிலிருந்து சாயங்காலம் வரை என் பின்னால் ஒரே குரல்: “ஏங்க, வலதுபக்கம் பாருங்க!”

சரி, காற்றுக்கு வருகிறேன். ஆறு கடலை நோக்கிப் போகிறது, நாமும் ஆற்றோடு போகிறோம், அப்படியானால் வழியெல்லாம் இறக்கம்தானே என்று வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டிருந்தேன். அந்த இறக்கம் காலுக்குத் தெரியவே தெரியாது. காற்று தெரியும். அட்லாண்டிக் கடல் பக்கமிருந்து, மேற்கேயிருந்து, முகத்தில் வந்து அறையும். சைக்கிளில் முன்னும் பின்னுமாகக் கூடாரம், படுக்கை, ஸ்டவ், துணி எல்லாம் சேர்த்து 18 கிலோ. என் கியர் சமாசாரம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. என்னைத் தெரிந்தவர்கள் இந்த இடத்தில் ரேடியோவை அணைத்துவிடுவார்கள்.

செயிண்ட் எத்தியென் என்ற ஊரில் போல் தெ விவி என்று ஒருவர் இருந்தார். 1853இல் பிறந்தவர். பட்டு வியாபாரத்தில் இருந்தவர், அதை விட்டுவிட்டுச் சைக்கிள் கடையும் சைக்கிள் பத்திரிகையும் நடத்தினார். வெலோசியோ என்ற புனைபெயரில் எழுதினார். சைக்கிள் பயணம் என்பது பந்தயம் இல்லை, அது வேறு என்று வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தவர். மேடு வந்தால் கியரை மாற்று, அதில் என்ன வெட்கம் என்பது அவர் கட்சி. எதிர்க்கட்சி யார் தெரியுமா? தூர் த பிரான்ஸ் பந்தயத்தை நடத்திய ஆன்ரி தெக்ராஞ்ச். கியரெல்லாம் 45 வயது தாண்டியவர்களுக்குத்தான் என்று எழுதியவர். அந்தப் பந்தயத்தில் செயினைப் பல்சக்கரம் விட்டுப் பல்சக்கரம் தள்ளுகிற கியரை 1937 வரை அனுமதிக்கவே இல்லை. எனக்கு வயது 58. தெக்ராஞ்ச் ஐயா கணக்குப்படியே எனக்கு உரிமை இருக்கிறது. இன்னொரு தடவை சொல்கிறேன்: கேரியரில் சுமை ஏற்றுகிறவர்கள் சின்ன கியர் வைத்துக்கொள்ளுங்கள். வேகத்துக்கான பெரிய கியர் எதற்கு? யாரைத் துரத்தப் போகிறோம்?

வெலோசியோ சைக்கிள்காரர்களுக்குச் சில விதிகள் எழுதிவைத்தார். ஓட்டும்போது மாமிசம், ஒயின், புகையிலை கூடாது. இரண்டு பக்கமும் திராட்சைத் தோட்டம் இருக்கிற ஊரில் இது கொஞ்சம் கடுமைதான். வீம்புக்காக மிதிக்காதே. அப்புறம், பசிக்கும் முன் சாப்பிடு, தாகம் எடுக்கும் முன் குடி. இந்தக் கடைசி விதியில்தான் நாங்கள் மாட்டிக்கொண்டோம்.

சோமோன் கிராமத்தில் மேலே ஒரு கோட்டை அரண்மனை. 1992லிருந்து ஆண்டுதோறும் அங்கே தோட்டத் திருவிழா நடக்கிறது. போனீர்களா என்று கேட்பீர்கள். கீழேயிருந்து பார்த்தோம். அடுத்த ஊரில் சாப்பிட்டுவிடலாம் என்று நான்தான் சொன்னேன். அடுத்த ஊருக்குப் போய்ச் சேரும்போது மணி 12.40. ரொட்டிக் கடை கதவில் ஒரு சீட்டு. திங்கட்கிழமை விடுமுறை. சனி, ஞாயிறு உழைக்கிறார்கள், திங்கள் ஓய்வு, நியாயம்தான். மளிகைக் கடை? பன்னிரண்டரைக்கே இழுத்துச் சாத்தியாகிவிட்டது. சதுக்கத்தில் பாகெட் ரொட்டி விற்கிற இயந்திரம் இருந்தது. காசு போட்டால் நீள ரொட்டி வெளியே வரும். காசு போட்டேன். காசுதான் வெளியே வந்தது. ரொட்டி தீர்ந்துவிட்டது.

பாட்டிலில் தண்ணீரும் இல்லை. இதற்கு மட்டும் எனக்கு வழி தெரியும். அங்கே ஊருக்கு ஊர் ஒரு கல்லறைத் தோட்டம் இருக்கும், அதற்குள் பூச்செடிக்கு ஊற்றுவதற்கென்று ஒரு குழாய் இருக்கும். ‘நோன் பொத்தாப்ல்’ என்று எழுதியிருந்தால் குடிக்கக் கூடாது, அதை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். போனோம். கம்பியில் நாலைந்து பச்சைப் பூவாளிகள் தொங்கின. கருங்கல் பலகை ஒன்றை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார் ஒரு பாட்டி. முதலில் “பொன்ழூர், மதாம்.” அங்கே எதைக் கேட்பதற்கு முன்னாலும் இது வேண்டும், இல்லாவிட்டால் முகமே கொடுக்க மாட்டார்கள். அவர் துடைப்பதை நிறுத்தாமலே, “குடியுங்கள், நல்ல தண்ணீர்தான். ரொட்டி வேண்டுமானால் அடுத்த ஊர், மூன்றரைக்குத் திறப்பார்கள். அவசரப்பட்டுப் போகாதீர்கள், முன்னால் போனால் திறக்க மாட்டார்கள்” என்றார். எனக்குத் தெரிந்த அரைகுறை பிரெஞ்சில் இவ்வளவு புரிந்தது. மதில் நிழலில் உட்கார்ந்து ஒரு தக்காளியையும் ஆறு பிஸ்கட்டையும் பங்கு போட்டோம். பசி வந்த பிறகுதான், விதிக்கு விரோதமாக.

மூன்றரைக்கு ஷட்டர் ஏறியது. இரண்டு பாகெட் வாங்கினோம். மேலோடு விரலால் அழுத்தினால் நொறுங்குகிற சத்தம் கேட்டது. பாரம்பரிய பாகெட் என்று அதற்குத் தனிப் பெயர், அடிப்படையில் மாவு, தண்ணீர், உப்பு, புளிக்க வைக்கிற ஈஸ்ட் இவைதான் இருக்க வேண்டும் என்று 1993இல் ஆணையே போட்டிருக்கிறார்கள். இரண்டில் ஒன்று கடை வாசலைத் தாண்டவில்லை.

வானொலி நிலைய நண்பர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரலைக் காட்டுகிறார், இன்னும் இரண்டு நிமிடம்தான். கூடாரம் பற்றித்தான் நிறையச் சொல்ல நினைத்திருந்தேன். வேகமாகச் சொல்லிவிடுகிறேன். அம்புவாஸில் ஆற்று நடுவே ஒரு தீவு, அதில் முகாம் திடல். எதிர்க்கரையில் கோட்டை. லியோனார்டோ டாவின்சி 1519இல் இறந்தது இந்த ஊரில்தான். இப்படிப்பட்ட திடல்களுக்குப் போகிறவர்கள் சோப்பு, கழிப்பறைக் காகிதம் கையோடு கொண்டுபோங்கள். குளியலறையில் பொத்தானை அழுத்தினால் கொஞ்ச நேரம் வெந்நீர் வரும், நிற்கும், மறுபடி அழுத்த வேண்டும். ஜூனில் ஒன்பதரைக்கும் வெளிச்சம் இருக்கும், முளையடிக்க அவசரமே இல்லை. காலையில் கூடாரத் துணி பனியில் நனைந்திருக்கும், காயவிட்டு மடியுங்கள். அந்த ஊர்க் கடைகளில் ரவை கிடைக்கிறது, செமூல் என்று கேளுங்கள். கடுகு மட்டும் நாங்கள் சின்ன டப்பாவில் எடுத்துப் போயிருந்தோம். அன்றைக்குக் கிளறிய உப்புமாவுக்குப் பக்கத்துக் கூடாரத்திலிருந்து ஒரு டச்சுத் தம்பதி தட்டோடு வந்தார்கள், அது ஒரு தனிக் கதை, அதற்கு...

ஒரு விரல்தான் இருக்கிறது. நன்றி, வணக்கம்.