விளக்கை அணைத்த பிறகு படித்தது

அன்பான நேயர்களுக்கு வணக்கம்.

நான் உயர்தர வகுப்புக்கு உயிரியல் கற்பிக்கிற ஆசிரியை. சோதனைக் காலம் வந்தால் பிள்ளைகள் என்னிடம் வந்து சொல்வது அனேகமாக ஒரே விடயம்தான். "ரீச்சர், எல்லாம் பாடமாக்கினனான். பேப்பரைக் கண்டவுடனை ஒண்டும் வரேல்லை." சொல்லும்போதே கண் கலங்கிவிடும். அந்தப் பிள்ளை பொய் சொல்லவில்லை. விடிய நாலு மணிக்கு எழும்பிப் படித்த பிள்ளை அது. கொப்பியில் மஞ்சள் கோடு இழுக்காத வரி இராது. அப்படியென்றால் படித்தது எங்கே போனது?

புதிதாக ஒன்றைக் கேட்டால் அது முதலில் வந்து தங்கும் இடம் மிகச் சிறியது. ஒரே நேரத்தில் ஏறக்குறைய ஏழு விடயங்களைத்தான் அங்கே பிடித்து வைக்கலாம் என்று ஜோர்ஜ் மில்லர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1956இல் எழுதினார். பின்னால் வந்த ஆய்வாளர்கள் அதை நாலு அளவுக்குக் குறைத்தார்கள். ஆனால் ஒரு விடயம் என்பது எவ்வளவு பெரியதாக இருக்கலாம் என்பது எங்கள் கையில்தான் இருக்கிறது. குறளை எடுத்துக்கொள்ளுங்கள். சீர் ஏழு. பொருள் தெரியாத சின்னப் பிள்ளைக்கு அது ஏழு தனித்தனிச் சத்தம். பொருள் விளங்கியவருக்கு முழுக் குறளும் ஒன்றுதான். விளங்காமல் பாடமாக்குகிற பிள்ளை ஏன் அவ்வளவு கெதியாகக் களைத்துப் போகிறது என்பது இதிலேயே தெரிந்துவிடும்.

அந்தச் சின்ன இடத்திலிருந்து நீண்டகால நினைவுக்குப் போக ஒரு வாசல் இருக்கிறது. அதை உலகத்துக்குக் காட்டியவர் ஒரு நோயாளி. பெயர் ஹென்றி மொலைசன். கடுமையான வலிப்பு நோய்க்காக 1953இல், அவருடைய 27ஆவது வயதில், மூளையின் இரண்டு பக்கமும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியின் பெரும்பங்கை வெட்டி எடுத்தார்கள். கடற்குதிரை போல வளைந்த சின்னப் பகுதி அது. வலிப்பு குறைந்தது. ஆனால் அதற்குப் பிறகு நடந்த எதுவும் அவர் நினைவில் தங்கவில்லை. பிரெண்டா மில்னர் என்ற ஆய்வாளர் பல ஆண்டுகள் அவரைப் பரிசோதித்தார். ஒவ்வொரு முறையும் அவர் புது ஆளாகத்தான் மொலைசனுக்குத் தெரிந்தார். சின்ன வயது நினைவுகளோ பெரும்பாலும் அப்படியே இருந்தன. இன்னொரு வியப்பு: கண்ணாடியில் பார்த்தபடி நட்சத்திரம் வரையும் பயிற்சியை அவருக்குக் கொடுத்தார்கள். முன்பு வரைந்த நினைவே அவருக்கு இல்லை, ஆனால் கை நாளுக்கு நாள் தேறிக்கொண்டு வந்தது. சைக்கிள் ஓட்டப் பழகுவதும் சரித்திரம் படிப்பதும் ஒரே வழியில் நினைவாவதில்லை என்று அப்போதுதான் தெளிவானது.

மறதியை முதலில் அளந்தவர் ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர். பொருளே இல்லாத அசைகளை உண்டாக்கி, தானே பாடமாக்கி, தன்னையே சோதித்து, 1885இல் நூலாக வெளியிட்டார். ஒன்றை மறுபடி படிக்கும்போது முதல் தடவையை விட எவ்வளவு உழைப்பு மிச்சமாகிறது என்பதுதான் அவருடைய அளவுகோல். ஒரு மணித்தியாலம் கழிந்ததும் பாதிக்குக் குறைவாகத்தான் மிச்சம். ஒரு நாள் கழிந்தால் மூன்றில் ஒரு பங்கு. ஒரு மாதம் கழிந்தும் ஐந்தில் ஒரு பங்கு இருந்தது. முதல் நாளில்தான் பெரிய இழப்பு, பிறகு மறதி மெதுவாகிவிடுகிறது. இதை வடிவாக மனதில் வையுங்கள்.

இந்த இடத்தில் என்னுடைய கதையைச் சொல்ல வேண்டும்.

1990இன் பின் பல ஆண்டுகள் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. அந்தக் காலத்தில்தான் நான் உயர்தரம் படித்தேன். ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து, கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு எரிக்கிற விளக்கு. மண்ணெண்ணெய் என்ன விலை விற்றது என்று அந்தக் காலத்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அம்மா அளந்துதான் தருவா. அது எரிந்து முடிகிற வரையில்தான் வாசிப்பு. அதனால் அக்காவும் நானும் ஒரு பகுதியை வாசிப்போம், விளக்கை ஊதி அணைப்போம், பாயில் படுத்தபடி இருட்டுக்குள் ஒருவருக்கொருவர் அந்தப் பாடத்தைச் சொல்வோம். "சிறுநீரகத்தியிலை முதல் என்ன? அடுத்தது என்ன, சொல்லு பாப்பம்." சிறுநீரகத்தி என்பது சிறுநீரகத்தில் இரத்தத்தை வடிக்கிற நுண்குழாய். வராவிட்டால் உடனே விளக்கைக் கொளுத்திப் பார்க்க முடியாது. யோசிக்கத்தான் வேண்டும். யோசித்தும் வராததை விடிந்ததும் ஓடிப்போய்ப் பார்ப்பேன். அப்படிப் பார்த்தவை ஒன்றும் எனக்கு இன்றுவரை மறக்கவில்லை.

எண்ணெயை மிச்சம் பிடிக்கிறோம் என்றுதான் அப்போது நினைத்தோம். ஆசிரியையான பிறகுதான் அதன் பெறுமதி விளங்கியது. அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2006இல் ஒரு பரிசோதனையை வெளியிட்டார்கள். மாணவர்களுக்கு ஒரு உரைநடைப் பகுதி. ஒரு குழு அதை நாலு தரம் வாசித்தது. இன்னொரு குழு ஒரு தரம் வாசித்துவிட்டு, பாராமல் நினைவிலிருந்து மூன்று தரம் எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது வாசித்தவர்கள்தான் முன்னுக்கு நின்றார்கள். ஒரு கிழமை கழித்துச் சோதித்தால் கதை தலைகீழ். நாலு தரம் வாசித்தவர்களின் நினைவில் 40 வீதம், எழுதிப் பார்த்தவர்களின் நினைவில் 61 வீதம். நன்றாக நினைவிருக்கும் என்று கூடுதலாக நம்பியிருந்தவர்கள் வாசித்த குழுவினர்தான்.

என்னிடம் அழுதுகொண்டு வருகிற பிள்ளைக்கு நடப்பது இதுதான். திரும்பத் திரும்ப வாசித்தால் வரிகள் கண்ணுக்குப் பழகிவிடும். பழகினது, தெரிந்தது போல இருக்கும். சோதனை மண்டபத்தில் கொப்பி இராது. அங்கே கேட்கப்படுவது உள்ளிருந்து எடுக்கிற வேலை. அந்த வேலையைப் பிள்ளை அதற்கு முன் ஒருநாளும் செய்து பார்த்ததில்லை.

இது எங்களுக்குப் புதிதும் இல்லை. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்புவித்தல் என்று வைத்திருந்தார்களே, அது என்ன? ஏட்டைக் கட்டி வைத்துவிட்டு வாத்தியார் முன் நின்று சொல்வதுதானே. எங்கள் ஆறுமுக நாவலர் பெருமான் காண்டிகையுரை எழுதிய நன்னூல் என்ற இலக்கண நூலில், படிக்கும் முறை சொல்கிற இடத்தில் கேட்டவை நினைத்தல் வருகிறது. வினாதலும், வினாயவை விடுத்தலும், அதாவது கேட்பதும் கேட்டதற்கு விடை சொல்வதும், வருகின்றன. நாங்கள் வாத்தியாரின் பிரம்படியையும் சத்தத்தையும் மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு இந்த நல்ல பகுதியை விட்டுவிட்டோம் என்பது என் கவலை.

சரி, வீட்டில் என்ன செய்யலாம்? ஒரு பக்கம் வாசித்ததும் கொப்பியை மூடி, வெறுந்தாளில் நினைவில் வருவதை எழுதச் சொல்லுங்கள். பிறகு கொப்பியைத் திறந்து, விட்டதை மட்டும் சிவப்புப் பேனையால் சேர்க்கட்டும். மறுநாள் திரும்ப ஒரு தரம், மூன்று நாலு நாள் விட்டு இன்னொரு தரம், அப்புறம் ஒரு கிழமை கழித்து. நாள் கணக்கில் கறாராக இருக்க வேண்டாம். கொஞ்சம் மறந்து, தேடி எடுக்கக் கஷ்டமாக இருக்கிற நேரம் நல்ல நேரம். கடந்தகால வினாத்தாள் புத்தகத்தை விடையோடு சேர்த்துக் கதைப் புத்தகம் போல வாசிக்கிற பிள்ளைகள் நிறையப் பேர். விடைப் பக்கங்களை ஒரு கவ்வி போட்டு மூடிவிடுங்கள். பிழையாக எழுதினாலும் பரவாயில்லை, எழுதிய பிறகு பார்க்கட்டும். கணக்கென்றால் ஒரே வகையில் இருபது செய்வதை விட, வகைகளைக் கலந்து செய்வது நல்லது.

நித்திரையைக் குறைக்காதீர்கள். பகலில் படித்ததை மூளை உறுதிப்படுத்துகிற வேலையில் பெரும்பங்கு நித்திரையில்தான் நடக்கிறது. முதல்நாள் இரவு முழுக்க விழித்திருந்து படிக்கிற பிள்ளை, படித்ததையே பலவீனமாக்குகிறது.

கடைசியாக, வீட்டில் இருக்கிற அம்மம்மாமாருக்கும் அப்பப்பாமாருக்கும் ஒரு வேண்டுகோள். ரியூசன் முடிந்து பிள்ளை வந்து புட்டுச் சாப்பிடும்போது பக்கத்தில் இருந்து, "இண்டைக்கு என்ன படிச்சனி?" என்று கேளுங்கள். "எல்லாம்" என்று சொன்னால் விடாதீர்கள். ஒன்றைச் சொல்லச் சொல்லுங்கள். உங்களுக்கு உயிரியலோ பௌதிகமோ தெரிய வேண்டியதில்லை, கொப்பியைப் பார்க்கவும் வேண்டாம். பிள்ளை சொல்வது விளங்காவிட்டால், "எனக்கு விளங்கேல்லை, இன்னொருக்கால் சொல்லு" என்று சொல்லுங்கள்.

நன்றி, வணக்கம்.