பெரியம்மாவின் இருமலுக்குக் காரணம் பிரஷர் குளிசை!

வணக்கம் உறவுகளே! போன வீடியோவில் எனக்குப் பின்னால் இருமிக்கொண்டே இருந்தாரே எங்கள் பெரியம்மா, அந்த இருமல் நின்றுவிட்டது! கொத்தமல்லி அவித்துக் கொடுத்தோம், பாணி மருந்து கொடுத்தோம், உப்புவெளிக் கடற்காற்றுக்குப் பயந்து ஜன்னலைக்கூடப் பூட்டினோம். எதற்கும் அசையவில்லை. காரணம் அவர் போட்ட எனலாபிரில் என்ற பிரஷர் குளிசை.

இரத்தக் குழாயை இறுக்கும் ஆஞ்சியோடென்சின் 2 உருவாக ஒரு நொதியம் வேண்டும். எனலாபிரில் அந்த நொதியத்தை அடக்கும். குழாய் தளரும், இதயத்தின் சுமை குறையும். ஆனால் உடலில் உருவாகும் பிராடிகைனின் என்ற பொருளை உடைப்பதும் அதே நொதியம்தான். உடையாமல் அது சேர்ந்தால் சிலருக்குச் சளியே இல்லாத வறட்டு இருமல் வரும். கிளினிக்கில் டொக்டர் லொசார்டன் என்ற வேறு பிரஷர் குளிசைக்கு மாற்றினார், இருமல் மெல்ல மெல்ல அடங்கியது. பாணி விற்ற பாமசியில் ஒருவராவது "வேறு என்ன குளிசை போடுகிறீர்கள்" என்று கேட்டிருக்கக் கூடாதா? அதுதான் எனக்குக் கோபம்.

சரி, பெரியம்மாவின் குளிசைகளைப் போட்டு வைக்க வாங்கிய இந்தப் பெட்டியைப் பாருங்கள். 7 நாளுக்கும் காலை, இரவு என்று தனித்தனி மூடி. பஸ் ஸ்டாண்ட் பக்கம் 900 ரூபாய் சொன்னார்கள். மார்க்கெட்டுக்குள் இதே பெட்டி, இதே நீல மூடி, 450! பாதி விலை உறவுகளே! மூடி டக்கென்று பூட்டுகிறது, கேட்டதா?

காலை அறையில் பிசொப்ரொலோல். அட்ரினலின் இதயத்தை விரட்டாமல் தடுக்கும், துடிப்பு நிதானமாகும். களைப்பு வரலாம், கை கால் குளிரலாம். அதற்காகச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள், நெஞ்சுவலியே வரலாம். டொக்டரிடம் சொல்லுங்கள். இரவில் அட்டோர்வாஸ்டாட்டின். ஈரல் கொலஸ்ட்ரோல் செய்வதைக் குறைக்கும். தசை கடுமையாக வலித்துச் சிறுநீரும் கறுத்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

ஐயோ, லொசார்டனைச் சொல்லாமல் விட்டேனே! அதுவும் காலை அறையில்தான். அதற்கு இரத்தத்தில் பொட்டாசியம் கூடலாம், டெஸ்ட் எடுக்கச் சொன்னால் தட்டாமல் எடுங்கள்.

நெஞ்சுவலிக்கு நாக்கின் கீழ் வைக்கும் ஜி.டி.என். குளிசை மட்டும் இந்தப் பெட்டிக்குள் வேண்டவே வேண்டாம். பிளாஸ்டிக்கில் அதன் வீரியம் போய்விடும், கண்ணாடிப் போத்தலிலேயே இருக்கட்டும். பிரஷர் இறங்கித் தலை சுற்றும், அதனால் உட்கார்ந்துகொண்டு வையுங்கள். தலையிடியும் வரும். திறந்து 8 கிழமையானால் புதிது வாங்க வேண்டும், அதனால்தான் போத்தலில் திறந்த திகதியை எழுதி ஒட்டியிருக்கிறேன்.