மாடிப்படியை அளந்துவிட்டு வண்டி வாங்குங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

குழந்தைத் தள்ளுவண்டி வாங்கப் போகும் பெற்றோருக்கு மெத்தையின் மென்மையிலும் துணியின் நிறத்திலும்தான் முதலில் கண் போகிறது. வாங்கிய பிறகு அதை நாள்தோறும் தூக்கவும் மடக்கவும் தள்ளவும் வேண்டியவர் யார் என்ற கேள்வி கடையில் எழுவதே இல்லை. இரண்டு பிள்ளைகளையும் பின்னர் ஒரு பேத்தியையும் வண்டியில் வைத்துத் தள்ளியவன் என்ற முறையில் நான் சொல்லும் முதல் யோசனை இதுதான்: கடைக்குப் புறப்படும் முன், வீட்டு வாசலின் அகலம், மாடிப்படியின் திருப்பம், லிஃப்டின் உட்பகுதி, கார் வைத்திருப்பவரானால் அதன் டிக்கி ஆகியவற்றை அளவுநாடாவால் அளந்து ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். மடக்கிய வண்டியை வீட்டில் எந்த மூலையில் நிறுத்தப்போகிறீர்கள் என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.

அடுத்தது எடை. பெரிய வண்டிகள் 10 முதல் 15 கிலோ வரை இருக்கும். இலகுவான மடக்கு வண்டிகள் 5 முதல் 7 கிலோவுக்குள் கிடைக்கும். இந்த இலகு வண்டிக்கு வழிகாட்டியவர் ஓவன் மெக்லாரன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர். ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் சக்கரக் கால்களை வடிவமைத்ததில் பங்குகொண்ட அவர், மாஸ்கோவிலிருந்து குழந்தையோடு வந்த தம் மகள் கனத்த வண்டியோடு படும் பாட்டைப் பார்த்து, 1965-இல் அலுமினியக் குழாய்களைக் கொண்டு, குடையைப் போல மடங்கும் ஒரு வண்டியை வடிவமைத்தார். அதன் எடை 3 கிலோவுக்கும் குறைவு. விமானத்தின் சக்கரத்தை உள்ளே மடக்கத் தெரிந்தவருக்குக் குழந்தை வண்டியை மடக்குவது பெரிய காரியமாக இருந்திருக்காது என்று நான் வேடிக்கையாக நினைத்துக்கொள்வதுண்டு.

ஆனால் எடை குறைந்த வண்டி எல்லாக் குழந்தைக்கும் பொருந்தாது. பிறந்த குழந்தைக்குக் கழுத்தும் முதுகும் நிற்காது; ஆகவே அது தட்டையாகப் படுக்க வேண்டும். தொட்டில் போன்ற அமைப்புடைய ‘பிராம்’ வண்டியோ, சாய்மானம் முழுவதுமாகக் கீழிறங்கும் ‘ஸ்ட்ரோலர்’ என்ற இருக்கை வண்டியோதான் அதற்கு ஏற்றது. தாங்கலின்றி உட்காரப் பழகிய பிறகு, அதாவது பெரும்பாலும் ஆறு மாதத்தையொட்டி, நிமிர்ந்த இருக்கைக்கு மாற்றலாம். முதல் சில மாதங்கள் குழந்தை தள்ளுகிறவரின் முகத்தைப் பார்த்தபடி இருப்பது நல்லது என்பது என் எண்ணம். குழந்தை கக்கினாலும், தலை ஒரு பக்கம் சரிந்தாலும் உடனே கண்ணில் படும்.

சக்கரத்தைப் பொறுத்தவரை, கடையின் வழவழப்பான தரையை நம்பி முடிவெடுக்காதீர்கள். அங்கே எந்த வண்டியும் வழுக்கிக்கொண்டு ஓடும். சிறிய சக்கரம் சின்னப் பள்ளத்திலும் முட்டிக்கொண்டு நின்றுவிடும். பெரிய சக்கரம் மேடுபள்ளத்தைத் தாண்டிப் போகும், ஆனால் மடக்கினாலும் இடத்தை அடைக்கும். காற்றடித்த டயர் குலுக்கலைக் குறைக்கும்; அதே சமயம் பஞ்சராகும், காற்றும் இறங்கும். சுழலும் முன்சக்கரம் கூட்டத்தில் வளைந்து போக உதவும்; கரடுமுரடான பாதையில் அதைப் பூட்டி நேராக நிறுத்தும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு கனமான பையை இருக்கையில் வைத்து, கடைக்கு வெளியே பத்தடி தள்ளிப் பார்க்க அனுமதி கேளுங்கள். ஒரு கையில் குழந்தை இருப்பதாக எண்ணி, மறு கையால் மட்டும் வண்டியை மடக்கியும் பாருங்கள். வீட்டில் உயரமானவர் ஒருவரும் குட்டையானவர் ஒருவரும் தள்ளப்போகிறார்கள் என்றால், உயரத்தை மாற்றக்கூடிய கைப்பிடி இல்லாத வண்டி இருவரில் ஒருவருக்கு முதுகுவலியைத் தரும்.

இனி என் அனுபவம் ஒன்று. எங்கள் முதல் வண்டியின் கைப்பிடியில் இரண்டு கொக்கிகளை மாட்டி, வாங்கிய சாமான்களையெல்லாம் அவற்றில் தொங்கவிடுவது என் வழக்கம். ஒரு நாள் வீட்டு வாசலில் மகனைத் தூக்கிய மறுநொடியே வண்டி முன்சக்கரங்களை உயர்த்திக்கொண்டு பின்பக்கமாக மல்லாந்து விழுந்தது. அதுவரை பைகளின் கனத்துக்கு ஈடுகொடுத்து வண்டியை நிறுத்தி வைத்திருந்தது அவனுடைய எடைதான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்று கழற்றிய கொக்கிகளை மறுபடியும் மாட்டவேயில்லை. சாமான்களுக்கு இருக்கையின் அடியில் உள்ள கூடைதான் சரியான இடம். பாரம் கீழே இருக்க இருக்க வண்டி நிலையாக நிற்கும்.

குழந்தையை இருக்கையோடு பிணைக்கும் வார்ப்பட்டை இரு தோள், இரு இடுப்பு, கால்களுக்கு நடுவே ஒன்று என்று ஐந்து முனைகளில் பிடிக்க வேண்டும். வெயிலுக்காக வண்டியின் மேல் துணியைப் போர்த்தி மூடாதீர்கள். காற்றோட்டம் நின்று உள்ளே சூடு ஏறிவிடும். விரித்து நிற்கும் மேற்கூரையே போதும்.

பிறர் பயன்படுத்திய வண்டியை வாங்குவதில் தவறில்லை. ஒரு சரிவில் நிறுத்தி பிரேக்கைப் போட்டு, கைப்பிடியைப் பிடித்துத் தள்ளிப் பாருங்கள். வார்ப்பட்டையின் பூட்டு பழுதின்றிப் பூட்டிக்கொள்கிறதா, விரித்த சட்டம் முழுவதுமாகப் பூட்டி நிற்கிறதா, துணியைக் கழற்றித் துவைக்க முடிகிறதா என்றும் பாருங்கள். மடங்கும் மூட்டுகளில் குழந்தைகளின் விரல் சிக்கி நசுங்குவதுண்டு; ஆகையால் விற்பவர் வண்டியை மடக்கிக் காட்டும்போதே, உடன் வந்திருக்கும் மூத்த குழந்தையை இரண்டடி தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

நன்றி, வணக்கம்.