குழாய் போட்டபின் வரும் செலவு

அவைத் தலைவருக்கும் கோவைப் பெருமக்களுக்கும் வணக்கம்.

நொய்யல் ஆறு கெட்ட கதையைப் பேசும்போது நாம் சாயக்கழிவு தேங்கிய ஒரத்துப்பாளையம் அணையில் தொடங்கி, திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச்சொன்ன 2011ஆம் ஆண்டு உயர் நீதிமன்ற உத்தரவில் முடித்துவிடுகிறோம். பட்டறைகள் மீது விழுந்த பழி நியாயமானதுதான். ஆனால் அந்தப் பழியின் நிழலில் நம் வீட்டுக் குளியலறையும் கழிப்பறையும் சௌகரியமாக ஒதுங்கிக்கொண்டன என்பதையும் சொல்லியாக வேண்டும்.

கணக்கு எளிது. பாதாள சாக்கடை உள்ள நகரத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் குடிநீர் என்பது திட்ட அளவு. அதில் 80 விழுக்காடு கழிவாகத் திரும்பும் என்று பொறியாளர்கள் கொள்கிறார்கள். ஒரு லட்சம் பேருக்கு நாளொன்றுக்கு 1.08 கோடி லிட்டர் கழிவுநீர். கோவையில் உக்கடத்தில் 7 கோடி, ஒண்டிப்புதூரில் 6 கோடி, நஞ்சுண்டாபுரத்தில் 4 கோடி லிட்டரை நாள்தோறும் சுத்திகரிக்கும் அளவில் நிலையங்கள் திட்டமிடப்பட்டன. நிலையத்தின் கொள்ளளவு வேறு, அங்கே வந்து சேரும் கழிவுநீரின் அளவு வேறு என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

தெருவில் குழாய் பதித்து ஆள்நுழைகுழி கட்டியபின்னும், வீட்டுக்காரர் தன் செலவில் இணைப்பு எடுக்கத் தயங்கினால், செப்டிக் டேங்கின் வழிநீர் மழைநீர் வடிகாலில் ஓடிக் குளத்தில்தான் விழும். நிலையத்தில் அழுக்கைத் தின்று தீர்ப்பவை நுண்ணுயிர்கள்; அவற்றுக்கு இடைவிடாத தீனியும் காற்றும் வேண்டும். கழிவு போதாமல் வந்தாலும், மழைநீர் கலந்து நீர்த்து வந்தாலும் அவை சோர்ந்துபோகும். காற்றூதும் இயந்திரங்களோ மின்கட்டணத்தில் பெரும்பங்கை விழுங்குபவை.

பணம் எங்கே கிடைக்கும்? கட்டுவதற்குக் கிடைக்கும். நகரங்களின் குடிநீர், கழிவுநீர் வசதிக்காக 2015இல் தொடங்கிய அம்ருத் திட்டத்திலும், 2021இல் வந்த அதன் இரண்டாம் கட்டத்திலும் மத்திய அரசு மானியம் தந்தது. 1996இல் அமைந்த தமிழ்நாடு நகர்ப்புற வளர்ச்சி நிதியம் கடன் தருகிறது. ஆனால் நிலையம் ஓடத் தொடங்கியபின் மின்சாரம், ஆட்கள், பழுது, கசடு அகற்றல் ஆகிய செலவுகள் மாநகராட்சியின் தலையில்தான் விழும். அடிக்கல்லுக்கு மேடை போடும் நாம் மோட்டாருக்கு எண்ணெய் போடும் நாளுக்கு மேடை போடுவதில்லை.

சென்னையை ஒட்டிய ஆலந்தூரில் 1990களின் இறுதியில், நகராட்சி பள்ளம் தோண்டும் முன்பே குடியிருப்போர் சங்கங்களோடு பேசி, வீட்டுக்கு 5,000 ரூபாய் வைப்புத்தொகை வாங்கியது. முன்பணம் கட்டியவர் இணைப்புக் கேட்டு வந்து நிற்பார் என்பது அந்த ஏற்பாட்டின் சூட்சுமம். அந்தத் தொகையை இன்றைய விலைவாசியில் அப்படியே கேட்க முடியாது. வாடகைக் குடியிருப்புகளுக்கும் புறம்போக்கில் வாழ்வோருக்கும் இணைப்புச் செலவைத் திட்டத்திலேயே சேர்த்துவிட வேண்டும் என்பது என் கருத்து. நூறு ரூபாய் மிச்சம் பிடிக்க ஓர் ஏழை வீட்டை விட்டுவைத்தால், அந்த வீட்டுக் கழிவு குளத்துக்குப் போவதைத் தடுக்க எந்த நிலையத்தாலும் ஆகாது.

வருமானத்துக்கு இன்னொரு வழி, சுத்திகரித்த நீரைத் தொழிற்சாலைகளுக்கு விற்பது. பவானியும் சிறுவாணியும் தரும் நன்னீரை இயந்திரம் குளிர்விக்கச் செலவிடும் ஊரில் இதற்கு வாங்குவோர் இருப்பார்கள். ஆனால் ஒப்பந்தமும் விலையும் தரக்கட்டுப்பாடும் நிலையத்தின் வரைபடம் போடும்போதே முடிவாக வேண்டும். குழாய் எந்தத் திசையில் போவது என்பதே அதைப் பொறுத்தது.

அடுத்த திட்ட அறிக்கை மாமன்றத்துக்கு வரும்போது, கொள்ளளவுக்குப் பக்கத்திலேயே இணைப்புக் கிடைக்கவிருக்கும் வீடுகளின் எண்ணிக்கையையும், முதல் பத்தாண்டின் இயக்கச் செலவையும், அது எந்தக் கணக்கிலிருந்து வரும் என்பதையும் அச்சிட்டுத் தரும்படி உங்கள் மாமன்ற உறுப்பினரைக் கேளுங்கள்.