ஈறு நோயைச் சில நிமிடங்களில் காட்டும் அட்டை: எதற்கு உதவும், எதற்கு உதவாது?

வணக்கம் நண்பர்களே. என் கையில் இருக்கும் இந்த வெள்ளை அட்டையைப் பாருங்கள். கொரோனா காலத்தில் மூக்கில் குச்சி விட்டுப் பார்த்தோமே, அதே வகைச் சோதனைதான். ஆனால் இது கிருமியைத் தேடவில்லை. உங்கள் ஈறு இப்போது கரைந்துகொண்டிருக்கிறதா என்று தேடுகிறது.

தேடும் பொருளின் பெயர் எம்எம்பி-8. அது ஒரு நொதி. ஈறுக்குள் கிருமிகள் பெருகும்போது நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள் அங்கே விரைந்து வந்து இந்த நொதியை வெளியிடுகின்றன. செயலூக்கம் பெற்றதும் அது கொலாஜன் என்ற புரதத்தை வெட்டத் தொடங்குகிறது. பல்லை எலும்போடு பிணைத்திருக்கும் நார்கள் பெரும்பாலும் கொலாஜன்தான். அதாவது, நம் உடலின் பாதுகாப்புப் படையே நம் பல்லின் பிடியை அறுக்கிறது. இதைப் படித்த நாளிலிருந்து ஈறு வீக்கத்தை நான் சாதாரணமாகப் பார்ப்பதில்லை.

செய்முறை எளிது. முதலில் வாயை நீரால் கொப்பளித்துத் துப்பிவிட வேண்டும். சற்றுப் பொறுத்து, தூய நீரை அரை நிமிடம் வாயில் சுழற்றிக் கோப்பையில் உமிழ வேண்டும். அதை வடிகட்டிச் சில துளிகளை அட்டையில் விட்டால், ஐந்து முதல் பத்து நிமிடங்களில் கோடு தெரியும். ஒரு கோடு மட்டும் தெரிந்தால் நொதி வரம்புக்குள் இருக்கிறது. இரண்டு கோடுகள் என்றால் கூடியிருக்கிறது. பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் டிமோ சோர்சா குழுவினர் பல ஆண்டுகள் ஆராய்ந்ததன் விளைவு இது. மில்லிலிட்டருக்கு 20 நானோகிராம் என்பதை எல்லையாக வைத்திருக்கிறார்கள்.

பல் மருத்துவரிடம்தான் மெல்லிய அளவுக்கம்பி இருக்கிறதே, இது எதற்கு என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. அந்தக் கம்பி ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் ஆறு இடங்களில் ஈறுப் பையின், அதாவது பல்லுக்கும் ஈறுக்கும் இடையிலான பிளவின், ஆழத்தை அளக்கிறது. மூன்று மில்லிமீட்டர் வரை பொதுவாகக் கவலையில்லை. நான்கும் அதற்கு மேலும் என்றால் கவனிக்க வேண்டும். எக்ஸ்ரே எலும்பு எவ்வளவு குறைந்திருக்கிறது என்று காட்டுகிறது. ஆனால் இரண்டுமே வெள்ளம் வடிந்த வீட்டுச் சுவரில் இருக்கும் சேற்றுக் கோடு மாதிரி. நீர் எவ்வளவு உயரம் வந்தது என்று தெரியும். இப்போது ஏறுகிறதா என்று தெரியாது. கம்பி பட்டதும் இரத்தம் கசிவதும் முழுச் சான்று அல்ல. கசியாத இடம் பெரும்பாலும் நிலையாக இருக்கிறது என்று நம்பலாம். கசியும் இடமெல்லாம் மோசமாகும் என்று சொல்ல முடியாது. புகைபிடிப்பவர்களுக்கு நோய் முற்றியிருந்தாலும் கசிவு குறைவாகவே இருக்கும்.

அந்த இடைவெளியில்தான் இந்த அட்டைக்கு வேலை. 2018-ல் வெளியான உலக வகைப்பாடு ஈறு நோயை அதன் தீவிரத்தைக் கொண்டு நான்கு நிலைகளாகவும், முன்னேறும் வேகத்தைக் கொண்டு மூன்று தரங்களாகவும் பிரிக்கிறது. தரத்தைக் கணிக்க, இந்த நொதியைப் போல நோயின் போக்கைக் காட்டும் குறிப்பான்களும் பின்னாளில் துணைபுரியலாம் என்று அதிலேயே இடம் விட்டிருக்கிறார்கள்.

ஆனால் ஒன்றை அழுத்தமாகச் சொல்கிறேன்: கொப்பளித்த நீர் வாய் முழுவதற்குமான பதில். எந்தப் பல், எந்தப் பக்கம் என்று அது சொல்லாது. ஒரே ஒரு பல்லில் ஆழமான பை இருந்து, மற்ற இடங்கள் நலமாக இருந்தால், நொதி நீர்த்துப்போய் ஒரு கோடு மட்டுமே தெரியக்கூடும். அதை நம்பிக் கம்பி அளவைத் தவிர்த்தால் அந்தப் பல்லை இழக்க நேரிடும். எந்த மருத்துவராவது அட்டையை மட்டும் பார்த்து உங்களுக்கு நோயில்லை என்று அனுப்பினால், ஏற்றுக்கொள்ளாதீர்கள். முழு அளவீட்டைக் கேட்டு வாங்குங்கள்.

என் பார்வையில் இதன் உண்மையான பயன் சிகிச்சைக்குப் பின்னால்தான். ஈறுக்கு அடியில் வேர்ப் பரப்பைச் சுத்தம் செய்தபின் அழற்சி தணிந்தால் இந்த நொதியும் குறையும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு ஈறு நோய் வேகமாக முற்றக்கூடும். அவர்கள் பராமரிப்புக்கு வரும்போதெல்லாம் கம்பியோடு சேர்த்து இதையும் பார்த்தால், அடுத்த வருகையை முன்கூட்டியே வைப்பதா, தள்ளி வைப்பதா என்று மருத்துவர் முடிவெடுக்கலாம்.